ஈவினிங் ஷிஃப்டின் நான்காவது குரல்

ஜூன் 3, திங்கள்

எனக்குக் காது கேட்பதில்லை என்று என் மருமகள் நிர்மலா அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறாள். நேற்று கோயில் வாசலில் மூன்று பேர் என்னிடம் கத்திப் பேசியதிலிருந்து இதைத் தெரிந்துகொண்டேன். இது தவறான செய்தி. எனக்குக் கேட்கிறது. இந்தக் காலத்தில் யாரும் வாயைத் திறந்து பேசுவதில்லை என்பதுதான் உண்மை. எங்கள் கான்வென்ட்டில் மதர் எலீஸ், எங்கள் பற்களுக்கு நடுவில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்த்த பிறகுதான் செய்யுள் ஒப்பிக்க விடுவார். நிர்மலா பேசும்போது ஒரு கடுதாசி கூட நுழையாது.

இன்று சென்னையிலிருந்து பார்சல் வந்தது. அதைப் பற்றி ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் நாங்கள் நான்கு பெண்கள் 'தி டிஸ்டன்ட் சிக்னல்ஸ்' என்ற பெயரில் பாடிக்கொண்டிருந்தோம். சனிக்கிழமைகளில் ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் நடனத்துக்குப் பாடுவோம். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் பாட்டுகளை ரேடியோவில் கேட்டு, அதே பாணியில் ஆங்கிலத்திலும் தமிழிலும் சொந்தமாகப் பாட்டுக் கட்டினோம். முதல் குரல் நான், ஜெர்த்ரூத். நடுக்குரல்கள் தெரேஸும் வின்னியும். கீழ்க்குரல் எமரென்சியா, எங்களுக்கு எமி. 1974இல் சென்னைக்குப் போய் 'ஈவினிங் ஷிஃப்ட்' என்று ஓர் இசைத்தட்டுப் பதிவு செய்தோம். அந்த ஒன்றுதான்; அதன் பிரதியும் இப்போது எங்களிடம் இல்லை. தெரேஸும் வின்னியும் இப்போது இல்லை. எமி திண்டுக்கல்லில் தம்பி வீட்டில் இருக்கிறாள்.

அந்தத் தட்டில் டாம்பரின் வாசித்தவர் என் கணவர் சவரிராயன். அப்போது அவர் என் கணவர் அல்ல, கூட்ஸ் வண்டி கார்டு. வெண்கலச் சில்லுகள் கோத்த அந்த வளையத்தை, சிக்னல் விளக்கை ஆட்டுவதைப் போலவே மணிக்கட்டால் ஆட்டுவார்.

'கருந்தட்டு' என்ற நிறுவனம் அதை மறுபடியும் வெளியிடப் போகிறது. நடத்துபவர் பிரணவ் என்ற இளைஞர். அச்சுக்குப் போகும் முன் மாதிரித் தட்டு ஒன்றை அனுப்பியிருக்கிறார். கேட்டுவிட்டு, மாத முடிவுக்குள் என் சம்மதத்தைச் சொல்ல வேண்டும். என் சம்மதம் இல்லாமல் வெளியிட மாட்டோம் என்று எழுதியிருப்பது மரியாதையாக இருக்கிறது. 'சம்மதம்' என்பதில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார். சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன்.

நாளை கேட்பேன்.

ஜூன் 4, செவ்வாய்

எமி இல்லை.

இரண்டு பக்கமும் கேட்டேன். என் மகன் எட்வின் தன் அப்பாவின் பழைய பிளேயரைத் துடைத்து, புது ஊசி போட்டு வைத்தான். மற்ற எல்லாம் இருக்கிறது. ஆர்கன், கிட்டார், தெரேஸ், வின்னி, நான். என் வார்த்தைகள் கொஞ்சம் மழுங்கி வந்தாலும் சுருதி சுத்தம். ஆனால் எங்களுக்குக் கீழே எமி நிற்க வேண்டிய இடம் வெறுமையாகக் கிடக்கிறது. தரையில்லாத வீட்டில் மூன்று பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்த மாதிரி.

டாம்பரினும் இல்லை. அதையும் எடுத்துவிட்டார்கள்.

எட்வினிடம் சொன்னேன்.

"மம்மி, டாம்பரின் ஜல்ஜல்னு கேக்குதே. டாடி பின்னி எடுத்திருக்காரு."

"எங்கடா?"

"இதோ. இதோ. மறுபடி இதோ." ஒவ்வொரு முறையும் விரலைச் சொடுக்கிக் காட்டினான்.

விரல் அசைவது தெரிந்தது. நிர்மலா அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையும் தெரிந்தது.

அப்பா மேல் உள்ள பாசத்தில் இல்லாததைக் கேட்கிறான். நல்ல பிள்ளைதான். சங்கீத ஞானம் மட்டும் சிறு வயதிலிருந்தே கிடையாது.

ஜூன் 5, புதன்

குக்கர் கெட்டுவிட்டது. விசிலே வரவில்லை. பருப்பு அடிப்பிடித்துக் கருகிவிட்டது. புது கேஸ்கட் வாங்க வேண்டும்.

ஜூன் 6, வியாழன்

பிரணவ் தொலைபேசியில் அழைத்தார். அவரும் வாய்க்குள் பேசும் ரகம். எதுவாக இருந்தாலும் எழுதி அனுப்புங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். மாலையில் நிர்மலாவின் வாட்ஸப்புக்கு, தட்டின் உறைக்குள் வைக்கப்போகும் குறிப்பை அனுப்பினார். நிர்மலா அதைக் காகிதத்தில் எடுத்துக் கொடுத்தாள்.

நாலு பக்கம். பொன்மலைப் பட்டறைச் சங்கைப் பற்றி அழகாக எழுதியிருக்கிறார்கள். நாங்கள் தைத்துப் போட்ட மஞ்சள் உடையைப் பற்றிக் கூட உண்டு. மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: "அட்டைப் படத்தில் நால்வர் நின்றாலும், ஒலிப்பதிவில் மூன்று குரல்களே உள்ளன. எமரென்சியா படத்துக்காக நின்றவர் என்று தெரிகிறது."

படத்துக்காக நின்றவர்.

அந்தக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அரிசியில் கல் பொறுக்கினேன். கடை அரிசி, கல்லே இல்லை. இருந்தும் ஒரு படி அரிசியையும் பார்த்து முடித்தேன்.

எமிக்கு இரண்டு வருடம் முன்னால் தொண்டையில் அறுவை சிகிச்சை ஆயிற்று. உயிர் பிழைத்தாள். குரல் போய்விட்டது. இனி ஒரு சொல்லும் வராது. அவள் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது அந்தத் தட்டில் மட்டும்தான்.

நீதானே பாடினாய் என்று அவளிடமே கேட்டு எழுதி வாங்கி அனுப்பலாம் என்று எட்வின் சொல்கிறான். அது நடக்காது. பாடினேன் என்று எமியே சாட்சி சொல்ல வேண்டிய நிலைமை நான் இருக்கும்வரை வராது. அவளுக்கு இந்தக் குறிப்பைப் பற்றித் தெரியவும் கூடாது.

ஜூன் 9, ஞாயிறு

இன்றைய பூசையில், சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்றத்தின்போது மணி அடிக்கவில்லை. இது மூன்றாவது வாரம். பீடச் சிறுவர்களுக்கு ஒழுங்கு சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை போலும். பங்குத்தந்தைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பதினோரு மணிக்கு எமியைக் கூப்பிட்டேன். அவள் பேச முடியாமல் போனதும் நாங்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஞாயிறுதோறும் நான் பேசுவேன். அவள் எவர்சில்வர் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவாள். ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை, சரமாரியாகத் தட்டினால் சிரிக்கிறாள். நான் மதர் எலீஸ் மாதிரி பேசிக் காட்டினால் டம்ளர் உடைகிற மாதிரி தட்டுவாள்.

சில மாதங்களாக அவள் தட்டுவதைக் குறைத்துக்கொண்டாள். இப்போது அறவே இல்லை. இன்று கேட்டேன்: "எமி, ஒடம்பு சரியில்லையா?" பதில் இல்லை. "என் மேல கோவமா?" பதில் இல்லை. "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டனா?" அதற்கும் இல்லை.

பிறகு அவள் தம்பி மனைவி போனை வாங்கி ஏதோ சொன்னாள். வாய்க்குள்ளேயே சொன்னாள்.

கோபம்தான். என்ன காரணம் என்று தெரியவில்லை. கேட்கப் போவதில்லை. நானும் கோபப்படத் தெரிந்தவள்தான்.

ஜூன் 11, செவ்வாய்

என் ஆட்சேபங்கள் இரண்டையும் நான் கையால் எழுதிக் கொடுக்க, நிர்மலா படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பதில் வந்துவிட்டது.

"அன்புள்ள ஜெர்த்ரூத் ஆன்ட்டி" என்று தொடங்குகிறது. நான் அவருக்கு ஆன்ட்டி அல்ல. போகட்டும். மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார்களாம். டாம்பரின் தெளிவாக, கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறதாம். கீழே நான்காவது குரல் எதுவும் இல்லையாம். அவர்களிடம் இருக்கும் ஒரே பழைய தட்டில் அடியில் ஒரு முனகல் உண்டாம். அது ஆர்கனாக இருக்கும், தட்டும் தேய்ந்துபோனது என்கிறார். அவர்களுக்குக் கிடைத்திருப்பதோ மூல ஒலிநாடாவே. ஸ்டுடியோக்காரரின் வாரிசுகள் கொடுத்தார்களாம். அவ்வளவு சுத்தமான ஒலியாம். பெட்டியில் 'காலை' என்று எழுதியிருக்கிறதாம்.

காலை!

இப்போது எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அவர்களுக்கும் விளங்கும்படி எழுதியிருக்கிறேன். அதன் நகல்:

"எமரென்சியா அதற்குள் வேலை கிடைத்து, சென்னை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் ஆகியிருந்தாள். பதிவு நாளில் அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நாங்கள் மூவரும் வாத்தியக்காரர்களோடு காலையில் பாடி முடித்தோம். சாயங்காலம் எமி டியூட்டி முடிந்து நேரே ஸ்டுடியோவுக்கு வந்தாள். ஒலிப்பதிவாளர் காலை நாடாவை ஓடவிட்டு, அவள் காதில் ஹெட்போனை மாட்டி, அவளைக் கூடவே பாடவைத்து, இரண்டையும் சேர்த்து வேறொரு நாடாவில் பதிந்தார். ஹெட்போனோடு பாட எங்களுக்கு வரவில்லை. நாளெல்லாம் எக்ஸ்சேஞ்சில் ஹெட்செட் மாட்டிக்கொண்டிருந்தவளுக்கு அது சாதாரணம். தட்டுக்கு 'ஈவினிங் ஷிஃப்ட்' என்று பெயர் வந்ததே அதனால்தான். தாங்கள் சுத்தமாக இருக்கிறது என்று கொண்டாடுவது பாதி வேலை. சாயங்கால நாடாவைத் தேடவும்."

நிர்மலா அனுப்பினாள். "சூப்பர் அத்தை" என்று சொன்னாள். என் பக்கம் திரும்பி, தெளிவாகச் சொன்னாள். வேண்டுமென்றால் பேச வருகிறது.

ஜூன் 13, வியாழன்

புது கேஸ்கட் போட்டும் குக்கர் விசில் அடிக்கவில்லை. எட்வின் அடுப்படிக்கு ஓடிவந்து அணைத்தான். ஏன் ஓடிவந்தான் என்று தெரியவில்லை.

பங்குத்தந்தை வழியில் நிறுத்தினார். "அம்மா, உங்க சீட்டப் பாத்தேன். மணி அடிச்சாங்களே. ரெண்டு பையனுங்களும் போட்டி போட்டுக்கிட்டு அடிச்சாங்க. கொஞ்சம் கம்மியா அடிங்கடான்னு நானே திட்டுனேன்." அவர் சாமியார். அவர் பொய் சொல்கிறார் என்று எழுத என் கை வரவில்லை. எதையும் எழுதாமல் விடுகிறேன்.

ஜூன் 14, வெள்ளி

பிரணவிடமிருந்து பதில். வாரிசுகளிடம் கேட்டாராம், வேறு பெட்டி இல்லை என்றார்களாம். மீண்டும் வீட்டைக் குடையச் சொல்லித் தொந்தரவு செய்யத் தயங்குகிறாராம். கடைசி வரி மிகவும் பணிவான வரி: "டாம்பரின் விஷயத்தில் நேர்ந்தது போல, இதிலும் நினைவும் காதும் சற்றே ஏமாற்றியிருக்கலாம் அல்லவா?"

அல்லவாவாம்.

ஜூன் 15, சனி

நிர்மலா கணக்கு வாத்தியார். ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால் நேராக வரமாட்டாள், சுற்றிக்கொண்டு வந்து விடையில் நிற்பாள். காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அத்தை, எமி ஆன்ட்டி பாடுனாங்கன்னு நீங்க சொல்றீங்க. நான் நம்புறேன்."

"நீ நம்புனா என்ன, நம்பாட்டி என்ன? அவள் பாடுனாள்."

"சரி. ஆனா அவங்க உங்க காதத்தான் சாக்கு சொல்றாங்க. காது நல்லாருக்குன்னு டாக்டர் சர்ட்டிபிகேட் ஒண்ணு வாங்கி மூஞ்சில எறிஞ்சா?"

யோசித்தேன். யோசனையில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. குறை இல்லாத யோசனை நிர்மலாவிடமிருந்து வந்தால் அதில் வேறு ஏதோ இருக்கும். இருந்தாலும் எனக்கு அந்தச் சர்ட்டிபிகேட் வேண்டும்.

"தலைமை மருத்துவர் கையெழுத்து இருக்கணும்" என்றேன்.

"முத்திரையோட வாங்கிருவோம்" என்றாள்.

ஜூன் 18, செவ்வாய்

தில்லைநகரில் காது பரிசோதனை. பரிசோதித்த பெண் ஹஃப்ஸா. முப்பது வயது இருக்கும். என்னைப் பார்த்து, வாயைத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள். எந்தப் பள்ளி என்று கேட்டேன். கான்வென்ட்தான்.

கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டினாள். சத்தம் கேட்டால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். எனக்கு எமி ஞாபகம் வந்தது. இப்படித்தான் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்துப் பாடினாள்.

முதலில் அடிக்குரல் மாதிரி சத்தங்கள். அழுத்தினேன். மிக மெல்லியதாக வந்தது. அதற்கும் அழுத்தினேன். அதைவிட மெல்லியது. அழுத்தினேன். எளிதாக இருந்தது. பிறகு கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. கருவி நின்றுவிட்டது என்று நினைத்து, கண்ணாடி வழியாக ஹஃப்ஸாவைப் பார்த்தேன். அவள் விரல் ஓயாமல் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தது. அவள் பின்னால் நின்ற நிர்மலா என்னைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த காது படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் ஹஃப்ஸா வரைபடத்தைக் காட்டினாள். இடது பக்கம் சமவெளி. பாதிக்கு மேல் கோடு தலைகுப்புற விழுந்து, காகிதத்தின் அடி வரை போகிறது.

"மேடம், இந்தப் பக்கம் கீழ்ச் சத்தம். ஆர்மோனியத்தோட இடது பக்கம்னு வச்சுக்குங்க. இதெல்லாம் உங்களுக்குச் சின்னப் பொண்ணு மாதிரி கேக்குது. உங்க வயசுல இப்படி நான் பாத்ததே இல்ல."

"அப்புறம் என்ன?"

"இந்தப் பக்கம் மேல் சத்தம். விசிலு, காலிங் பெல்லு, குருவி, அணில். பேச்சுல 'ச', 'த' மாதிரி எழுத்துங்க. இது..." கோடு விழுந்த இடத்தில் பேனாவை வைத்தாள். "இது ரொம்பக் கொறஞ்சிருச்சு. நாள்பட்டே ஆயிருக்கும்."

இந்த வருடம் அணில்களே கத்துவதில்லை என்று இதே டைரியில் ஏதோ ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

"டாம்பரின்?" என்று கேட்டேன்.

ஹஃப்ஸாவுக்குப் புரியவில்லை. நிர்மலாதான் விளக்கினாள், கையால் ஆட்டிக் காட்டி.

"அது சில்லுச் சத்தம்ல? கேக்காது மேடம்."

"பொம்பளை பாடுற கீழ்க்குரல்?"

"அது கேக்கும். மத்தவங்களுக்கு ஜல்ஜல்னு மேல ஒரு சத்தம் குறுக்க வரும். உங்களுக்கு அதுவும் வராது. கீழ் சைடுல என்ன இருக்கு, என்ன இல்லன்னு எங்களவிட உங்களுக்குத்தான் சுத்தமாத் தெரியும்."

"அத எழுதிக் குடு. முத்திரையோட" என்றேன்.

ஆட்டோவில் வரும்போது நிர்மலா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோ ரொம்பக் குலுங்கியது, அதனால்.

ஜூன் 19, புதன்

எழுத ஒன்றும் இல்லை. வெயில் குறைந்திருக்கிறது. இன்று பிளேயரைத் திறக்கவில்லை.

ஜூன் 20, வியாழன்

ஒன்றை மீட்க வேண்டுமானால் மற்றொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். காலையிலிருந்து மூன்று முறை எழுதிக் கிழித்து, இதை அனுப்பியிருக்கிறேன்:

"அன்புள்ள திரு. பிரணவ், டாம்பரின் இல்லை என்ற என் ஆட்சேபத்தைத் திரும்பப் பெறுகிறேன். அது தட்டில் இருக்கிறது. எனக்குத்தான் கேட்கவில்லை. மருத்துவச் சான்று இணைத்திருக்கிறேன். அதை வாசித்தவர் என் கணவர். ஆகவே இதை எளிதாக எழுதிவிடவில்லை என்பதைத் தாங்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அதே சான்றின் இரண்டாம் பத்தியையும் படிக்கவும். கீழ்க்குரல் விஷயத்தில் என் காது தங்கள் மூவரின் காதைவிட மேல். அது என் கூற்று அல்ல, மருத்துவக் கூற்று.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு வேலை செய்யுங்கள். தங்களிடம் உள்ள பழைய தட்டில் 'கேட் திறக்கட்டும்' பாட்டின் இரண்டாம் சரணத்தைப் போடுங்கள். ரயில் போகும்வரை லெவல் கிராசிங் கேட்டில் எல்லோரும் காத்து நிற்பதுபோல, அந்தச் சரணத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். ஆர்கன்காரர் இரு கையையும் மடியில் வைத்துக்கொள்வார். குரல்கள் மட்டும்தான். தாங்கள் ஆர்கன் என்று சொல்லும் முனகல் அங்கேயும் கேட்டால், அதை வாசித்தது யார் என்று எனக்குச் சொல்லுங்கள்.

எமரென்சியா படத்துக்காக நின்றவள் அல்ல. அவள் நின்றதால்தான் நாங்கள் மூவரும் நின்றோம். அவள் குரல் இல்லாத தட்டுக்கு என் சம்மதம் கிடையாது."

நிர்மலா படித்துவிட்டு, ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம் என்றாள். மாற்றச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

ஜூன் 22, சனி

காது மிஷின் மாட்டிக்கொண்டேன். இரண்டு காதுக்கும். வீடு முழுவதும் சரசரக்கிறது. என் சேலையே இவ்வளவு பேசும் என்று தெரியாது.

மாலையில் எல்லோரும் வெளியே போனபின் தட்டைப் போட்டேன்.

டாம்பரின் இருக்கிறது.

ஜூன் 23, ஞாயிறு

பூசையில் மணி அடித்தார்கள். உண்மையிலேயே அதிகமாகத்தான் அடிக்கிறார்கள். பங்குத்தந்தையிடம் அதைச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

வீட்டில் நிர்மலா எலுமிச்சை ஜூஸ் கலக்கினாள். ஸ்பூன் டம்ளரில் பட்டது. கையிலிருந்த பத்திரிகையை மடித்துவிட்டேன்.

"நிர்மலா, மறுபடி தட்டு."

"என்ன அத்தை?"

"அந்த ஸ்பூனால டம்ளரத் தட்டு."

தட்டினாள். ஒரு தட்டு. பிறகு இரண்டு. என்னமோ தோன்றியவள் போல மிஷினைக் கழற்றச் சொன்னாள். கழற்றினேன். அவள் கை அசைந்தது. சத்தம் இல்லை.

எமி கோபமாக இல்லை. ஒருநாளும் கோபமாக இருந்ததில்லை. அங்கே உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். என் மேல் கோபமா என்று நான் கேட்டபோது இரண்டு தட்டு தட்டியிருப்பாள். நான் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு வெடுக்கென்று வைத்திருக்கிறேன். அவள் தம்பி மனைவி சொல்லவந்ததும் அதைத்தான்.

உடனே போன் செய்தேன். மிஷினுக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுபோனதும் வீல் என்று கத்துகிறது. கழற்றினால் ஒன்றும் இல்லை. "எமி, உன் தட்டு எனக்குக் கேக்கலடீ. நான்தான்டீ" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் போனைக் காதில் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் அவள் இருந்தாள். அது தெரிந்தது.

ஜூன் 28, வெள்ளி

பிரணவ் எழுதியிருக்கிறார். "அன்புள்ள திருமதி ஜெர்த்ரூத் சவரிராயன் அவர்களுக்கு." முன்னேற்றம்.

அந்தச் சரணத்தைப் போட்டுக் கேட்டார்களாம். வாத்தியம் நின்றதாம். முனகல் நிற்கவில்லையாம். முனகல் மூச்சு வாங்கியதாம். "ஆர்கன் மூச்சு வாங்காது என்பது எங்களுக்கு அப்போதுதான் உறைத்தது" என்கிறார். அன்றே ஸ்டுடியோக்காரரின் மகள் வீட்டுக்குப் போய், பரணில் ஏறித் தேடியிருக்கிறார்கள். இன்னொரு பெட்டி கிடைத்திருக்கிறது. காலை நாடாவைவிட இரைச்சல் அதிகம் என்பதால் உபயோகமற்றது என்று யாரோ ஒதுக்கியதாம். அச்சை நிறுத்திவிட்டார்கள். குறிப்பை மாற்றி எழுதி அனுப்பியிருக்கிறார்.

இப்போது மூன்றாம் பக்கம் சரியாக இருக்கிறது. இரண்டு கால்புள்ளி மட்டும் போட்டுத் திருப்பி அனுப்பினேன், என் சம்மதத்தோடு.

இது மகிழ்ச்சியான செய்தி என்பதால் பேச விரும்புகிறாராம், எப்போது அழைக்கலாம் என்று கேட்கிறார். எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை 11, வியாழன்

குக்கர் நன்றாக வேலை செய்கிறது. அந்தக் கேஸ்கட் நல்ல கேஸ்கட்.

ஆகஸ்ட் 17, சனி

தட்டுகள் வந்துவிட்டன. ஒன்றை எட்வின் நாளை காரில் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோகிறான், பிளேயரையும் சேர்த்து. உடன் அனுப்பும் கடிதத்தின் நகலை இங்கே எழுதிவைக்கிறேன்.

"அன்புள்ள எமி,

இத்துடன் நம் தட்டு. பிளேயரை ஒரு மாதம் வைத்துக்கொள். எப்படி வைப்பது என்று எட்வின் காட்டுவான். ஊசியை நீ தொடாதே, உனக்குக் கைநடுக்கம் உண்டு.

இதற்கு முன் ஒரு மாதிரித் தட்டு எனக்கு அனுப்பினார்கள். அதில் நீ இல்லை. காலையில் நாங்கள் மூவரும் பாடிய நாடாவை எடுத்துவிட்டார்கள். நான் உடனே கண்டுபிடித்தேன். நீ இல்லாமல் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று கேட்க வாய்த்தது எனக்கு மட்டும்தான். உனக்குச் சொல்கிறேன், நன்றாக இல்லை. என் குரல் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது. இப்போது சரியாக்கிவிட்டார்கள். பின்னால் கொஞ்சம் இரைச்சல் இருக்கும். அது சாயங்காலத்தின் இரைச்சல், பொருட்படுத்தாதே.

நான் காதில் மிஷின் மாட்டியிருக்கிறேன் என்று எட்வின் உன்னிடம் சொல்லத்தான் போகிறான், ஆகவே நானே சொல்லிவிடுகிறேன். மேல் சத்தம் மட்டும்தான் குறைவு. மிஷினைக் கழற்றிவிட்டு நம் தட்டைக் கேட்டால் அவருடைய டாம்பரின் கேட்பதில்லை, என் குரல் தூரத்தில் கேட்கிறது, உன் குரல் பக்கத்தில் நிற்கிறது. சில நாள் மாட்டிக்கொண்டு கேட்கிறேன், சில நாள் கழற்றிவிட்டு.

ஞாயிற்றுக்கிழமைகளில் நீ டம்ளரில் தட்டியதெல்லாம் எனக்கு வரவே இல்லை. நீ பதில் சொல்லவில்லை என்று நினைத்து நான் போனை வெடுக்கென்று வைத்தேன். அதை மறந்துவிடு.

இரண்டாம் பக்கம், மூன்றாவது பாட்டு. இரண்டாம் சரணத்தில் வாத்தியம் எல்லாம் நின்றுவிடும். அங்கே நன்றாகக் கேள். நீ மூச்சு வாங்குவது கூட இருக்கிறது.

போன் இனி நமக்குச் சரிப்படாது. உன்னால் பேச முடியாது, எனக்கு அதில் கேட்காது. கேட்டுவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுது. கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை, நான் திருத்த மாட்டேன். பதிலை எட்வினிடமே கொடுத்தனுப்பு.

ஜெர்ட்டி"